ஸ்கேன் முடிந்ததும் வந்த குரல்

என் செல்ல அம்மாவுக்கு,

படபடப்பு இன்னும் அடங்கவில்லை. எழுத்துப் பிழை இருந்தால் திட்டாதே.

நீ போய் ஒரு வருஷம் ஆகி, உன் வருஷாப்திகம் போன வாரம் முடிந்தது. நாளைக்குச் செம்பூர் பஜனை மண்டலியில் உன் நினைவாக எல்லோரும் கூடுகிறார்கள். பாங்க்கிலிருந்து ரிடையரான பிறகு, லேப்டாப்பில் பாட்டுப் பதிவு செய்யக் கற்றுக்கொண்டு, மண்டலிக்கே ஸ்டூடியோவாக இருந்தவளாயிற்றே நீ! கடைசியாக நீ பதிவு செய்த அம்மன் பாட்டைப் போட வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. அதுவோ உன் லேப்டாப்பில் மட்டும்தான் இருக்கிறது.

சாஃப்ட்வேர் திறந்தால்தானே? நான்தான் அதை அப்டேட் செய்து தொலைத்தேன். திறக்கும்போதெல்லாம் உன் ப்ளகின்களை, அதாவது குரலுக்கும் வாத்தியத்துக்கும் நீ சேர்த்து வைத்திருந்த குட்டிக் கருவிகளை, ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்கிறது. பாதியில் ஒரே இடத்தில் போய் நின்றுவிடுகிறது. ரிப்பேர் கடைக்காரருக்கு போன் செய்தால், "ரீஸ்டார்ட் கரோ மேடம்" என்று ஹிந்தியில் சொல்கிறார், அணைத்துத் திரும்பப் போட வேண்டுமாம். காலையிலிருந்து அதைத்தானே பண்ணிக்கொண்டிருக்கிறேன்!

கடைசியில் எல்லாக் கருவிகளையும் அவை இருந்த ஃபோல்டரிலிருந்து வெளியே எடுத்து, ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஒரு பழைய கருவியைப் போட்டால்தான் நிற்கிறது. அது எதற்கென்று யாருக்குத் தெரியும்? ஒழி என்று அதை மட்டும் வெளியே விட்டேன். ஸ்கேன் முடிந்து பாட்டு திறந்தது.

பக்கத்தில் ஜெயா மாமி. உன் பாங்க் காலத்துத் தோழி, மண்டலியில் முதல் அடியை எடுத்துக்கொடுத்துப் பாடுகிறவர். மாதுங்காவிலிருந்து பூ வாங்கிக்கொண்டு வந்திருந்தார். பாட்டை ஓடவிட்டேன்.

"ஐயய்யோ, யாருடி இது? இப்படி அபஸ்வரமா பாடறா!" என்றார் மாமி.

திரையில் அந்தக் குரலுக்கு நீ வைத்திருந்த பெயரைப் பார்த்தேன். ஜெயா. அதன் கீழேயே, ஒரு கருவியைக் காணோம் என்று ஒரு குறிப்பு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் வெளியே விட்டது சுருதியைத் திருத்தும் கருவி! அம்மா, எல்லாப் பாட்டிலுமா மாமியின் சுருதியை இப்படித் திருத்தினாய்? இத்தனை வருஷமுமா?

நான் மறைப்பதற்குள் மாமியும் படித்துவிட்டார். முகம் வெளிறிப் போயிற்று. "ஒரு வார்த்தை சொன்னாளாடி உங்கம்மா? என் சுருதி பிசகாதுன்னு ஊர் பூரா பீத்திண்டிருந்தேனே!"

எனக்குப் பாட்டை நிறுத்தக்கூடத் தோன்றவில்லை. அது பாட்டுக்கு ஓடி முடிந்தது. முடிந்ததும் ஸ்பீக்கரில் நீ பேசினாய்.

"அபாரம் ஜெயா! இன்னொரு தரம் வேண்டாம். எனக்கு இதுவே போறும்."

ஒரு வருஷமாகக் கேட்காத குரல். மாமியும் நானும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டோம். "பொய்க்காரி" என்று மாமி சிரித்தார், உடனே அழுதார். நானும்தான். பொய்யா அம்மா அது? இல்லை, நிஜமாகவே உனக்கு அது போதுமாக இருந்ததா?

அந்தக் கருவியின் புது வெர்ஷனைத் தேடிப் போடுகிறேன், நாளைக்குள் பாட்டு சரியாகிவிடும் என்றேன். மாமி என் கையைத் தட்டிவிட்டார்.

"வேண்டாம்டி. நான் இப்படிப் பாடினதுக்குத்தான் அவ அபாரம்னா. இப்படியே போடு. எல்லாரும் கேக்கட்டும்."

மாமியைக் கேட்டுக்கொண்டுதான் இதையும் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். நாளைக்கு அந்தப் பாட்டைப் போடுவேன் அம்மா. ஒரு ஸ்வரத்தைக்கூடத் தொடமாட்டேன். நீ பேசி முடிக்கும்வரை நிறுத்தவும் மாட்டேன்.

உன் பெண்,
இன்று முதல் ஜெயா மாமிக்கும் பெண்,
வித்யா