“எந்த மாதிரி ஆடுவாரு?”

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல் மூடி வைத்திருக்கிறேன், சுட வைத்துச் சாப்பிடுங்கள். மருந்துக்கடையில் இன்று இரண்டு ஷிப்டும் என் தலையில்தான்.

மேஜை மேல் இருக்கும் சதுரங்கப் புத்தகம் உங்களுக்கு. “பொம்மைய நகர்த்த இத்தனை புத்தகமா?” என்று நான் கேட்டதிலிருந்து நீங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதனால் நேற்று புத்தகக் கடைக்குப் போனேன்.

“எந்த மாதிரி ஆடுவாரு?” என்று கடைக்காரர் கேட்டார். ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு இதுகூடத் தெரியவில்லை.

“அவசரப்பட்டு வெட்டப் போய் மாட்டிக்கிறேன்னு அவரே புலம்புவாரு” என்றேன்.

“அப்போ நிதானமா இடம் பிடிக்கக் கத்துக்கணும்” என்று இரண்டு புத்தகங்களைக் காட்டினார். தடியானதில் வெறும் நகர்த்தல்கள். இதில் ஒவ்வொன்றும் ஏன் என்று எழுதியிருக்கிறது. எனக்கும் புரிகிறது, அதனால் இதையே வாங்கினேன்.

பி.கு.: முதல் பாடத்தைப் பஸ்ஸில் படித்துவிட்டேன். என்ன ஆடுவதென்று தெரியாதபோது, ஒதுங்கிக் கிடக்கும் காயை முதலில் நல்ல இடத்துக்குக் கொண்டுவர வேண்டுமாம். சண்டைக்குப் பிறகு நீங்கள் முன்னறை சோபாவிலேயே கிடக்கிறீர்கள்.

இன்னொன்று: நான் வர நேரமாகும். தூக்கம் வந்தால் தூங்குங்கள், ஆனால் உள்ளே, நம் கட்டிலில்.