சுத்த சோயா

அன்புள்ள அம்மாவுக்கு, சியோலிலிருந்து தாஹுய் வணங்கி எழுதுவது. முட்டிவலி தேவலையா? நான் நலம். கையில் மெழுகு தெறித்த புண்ணும் ஆறிவிட்டது.

அப்பா திதிக்கு எங்கள் கடை மெழுகுவர்த்தி கேட்டிருந்தீர்கள். அனுப்ப மாட்டேன். சோயா மெழுகில் சரிபாதி பாரஃபின், அதாவது பெட்ரோலிய மெழுகு, கலந்து உருக்கிக் கண்ணாடிக் குவளையில் ஊற்றுகிறோம். கலப்பது தப்பில்லை, வெறும் சோயா ஆறினால் தேமல் போல வெளுத்துப்போகும். ஆனால் அதன் மேல் 'சுத்த சோயா' என்று சீட்டு ஒட்டுவதுதான் தப்பு. வாசனை எண்ணெயின் நெடி தின்கிற சோற்றில்கூட வருகிறது.

நேற்று ஒரு கர்ப்பிணி, "குழந்தை ரூம்ல ஏத்தலாமா?" என்று கேட்டாள்.

"சுத்த சோயாம்மா, நக்கிக்கூடப் பாக்கலாம்" என்றாள் முதலாளியம்மா.

"அப்ப நீங்களே நக்கிக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் வாங்காமல் போனாள். என் வேலையும் போனது. கவலைப்படாதீர்கள், இங்கே கடைகளுக்கா பஞ்சம்?

திதிக்கு ஊர்ச் சந்தையிலேயே வாங்குங்கள். அதுவும் பாரஃபின்தான், ஆனால் தன்னை வேறொன்று என்று சொல்லிக்கொள்ளாது.

நீங்கள் சோயாவை வேகவைத்து இடித்துப் புளிக்கத் தொங்கவிட்டிருக்கும் மேஜுவில் ஒரு கட்டி அனுப்புங்கள். அறைத்தோழி மூக்கைப் பொத்துவாள், பொத்தட்டும். இந்த அறையில் ஒன்றாவது உண்மையாக நாறட்டும்.

அடுப்பில் சோறு பொங்குகிறது, முடிக்கிறேன்.

தாஹுய்