மெதுவாக இறக்கு

ஜனவரி 11

தேதியை ஃபோனே போட்டுக்கொள்கிறது. எனக்கு வருஷம் எண்ணில் நிற்காது, நடந்ததை வைத்துத்தான் நிற்கும். இது, துறைமுகத்தில் எங்கள் ஆறாம் நம்பர் கிரேனை அறுத்துத் துண்டு துண்டாக லாரியில் ஏற்றிப்போன வருஷம். தெருமுனைத் தபால் பெட்டியைப் பிடுங்கிவிட்டு அந்தக் குழியில் சிமெண்ட் பூசிய வருஷம். எனக்குக் கண்புரை எடுத்து, என் மகனுக்கும் தலை நரைத்துவிட்டது என்று நான் கண்டுபிடித்த வருஷம்.

மகள்தான் இதைக் காட்டிக்கொடுத்தாள். "பேசுங்கப்பா, அதுவே எழுதிக்கும்." பேசினேன், எழுதியது. விரலை வைத்தால் நான் சொன்னதை எனக்கே படித்துக் காட்டுகிறது! எண்பத்திரண்டு வயதில், ஓர் எழுத்தும் தெரியாதவன், நானும் எழுதுகிறேன். ரேடியோவில் செய்தி வாசிப்பவர் மாதிரி பேசினால் பிழையில்லாமல் வருகிறது. நாற்பது வருஷம் கேண்டீன் ரேடியோ கேட்ட காது எனக்கு. அதில் கஷ்டமில்லை.

ஜனவரி 14

கூண்டைப் பார்க்கப் போனேன். மகனுக்கு இன்று பஸ் டூட்டி இல்லை, அவன்தான் அழைத்துப்போனான்.

கூண்டு என்றால் எங்கள் கிரேன் ஓட்டியவன். முப்பத்தொரு வருஷம் அவன் மேலே கூண்டில், நான் கீழே தரையில். அந்த இரைச்சலில் பேச்சு எங்கே கேட்கும்? சைகை காட்டுவது என் வேலை. விரலை மேலே நீட்டிச் சுற்றினால் தூக்கு. கீழே நீட்டிச் சுற்றினால் இறக்கு. சுற்றும் விரலுக்கு முன்னால் மறு கையை அசையாமல் பிடித்தால், மெதுவாக. இரண்டு கையையும் கோத்து வயிற்றுக்கு முன்னால் வைத்தால், அப்படியே வை, எதையும் தொடாதே. அவன் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "கை" என்பான்.

இன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூக்கில் குழாய், தொண்டையில் குழாய். குழாயைப் பிடுங்கிவிடுவானாம், இரண்டு கையையும் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். நர்ஸைக் கெஞ்சி அவிழ்க்கச் சொன்னேன். கண் திறந்தான். என்னைப் பார்த்தான். வலது கை விரல் கீழே நீண்டு சுற்றியது. இடது கை எழும்பி வந்து அதன் முன்னால் நின்றது.

உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. முப்பத்தொரு வருஷம் நான் காட்டினேன், அவன் கேட்டான். முதல் தடவையாக அவன் காட்டுகிறான்.

அவன் பிள்ளைகளிடம் சொன்னேன், மெதுவா இறக்கச் சொல்றான்டா, விட்டுடச் சொல்றான். மூத்தவன், "கை நடுங்குது சித்தப்பா, டாக்டரே சொல்லிட்டார்" என்றான். இளையவன், "நீங்க வேற பயமுறுத்தாதீங்க" என்றான்.

என் மகன் கட்டில் கால்மாட்டில் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். காரில் வரும்போது வாயே திறக்கவில்லை.

பிப்ரவரி 2

கூண்டு போய்விட்டான். நான் பார்த்துவிட்டு வந்து பத்தொன்பது நாள். பத்தொன்பது நாள் — கையைக் கட்டிப்போட்டு.

பிப்ரவரி 10

நெஞ்சு டாக்டரம்மா என் இதயத்தைத் திரையில் காட்டினார்கள். உள்ளே ஒரு சின்னக் கதவு. திறக்கிறது, மூடுகிறது, திறக்கிறது. நான் தூங்கியபோதும், சண்டை போட்டபோதும், என் கல்யாணத்தன்றும் இதே மாதிரி அடித்துக்கொண்டுதானே இருந்திருக்கும்? ஒரு நாள் லீவு கேட்டதில்லை. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கதவு சரியா மூடல ஐயா. இந்த வயசுல ஆபரேஷன் தாங்காது. மாத்திரையில ஓட்டலாம்."

கூண்டின் கதையைச் சொன்னேன். அந்தம்மா எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். என்னென்ன வைத்தியம் வேண்டும், எது வேண்டாம், எனக்கு நினைவில்லாதபோது யார் எனக்காகப் பேசுவது, எல்லாம் இப்போதே எழுதிவைக்கலாமாம். மருத்துவ உயில். உயில் என்றால் வீடு வாசலுக்கு என்றுதான் இருந்தேன். உடம்புக்கும் உண்டா!

பிப்ரவரி 17

மகளையும் மகனையும் கூப்பிட்டு உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னேன்.

மகள், "உங்க இஷ்டம்ப்பா. எழுதுங்க, நான் இருக்கேன்" என்றாள்.

மகன் எழுந்துவிட்டான். "உங்களக் கொல்றதுக்கு எங்கிட்ட கையெழுத்தா? நல்லா இருக்குப்பா!"

"கொல்றதுக்கு இல்லடா. தொங்கிட்டிருக்கிறத இறக்கறதுக்கு."

"எல்லாத்தையும் கிரேன்லயே யோசிங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஒருவருக்கும் மனக்குறை வேண்டாம் என்று எனக்காகப் பேச இரண்டு பேர் பேரையும் போடச் சொல்லி டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 20

இரண்டு பேரைப் போட்டுத் தப்பு செய்துவிட்டேன். நானா இந்தத் தப்பைச் செய்தேன்?

புயலில் துறைமுக மணிக்கூண்டு சாய்ந்த வருஷம். இரும்புச் சுருள் இறக்கினோம். நான் ஒரு பக்கம் நின்று "மெதுவாக" காட்டினேன். மேஸ்திரி அவசரத்தில் மறுபக்கம் நின்று "தூக்கு" காட்டினார். கூண்டு இரண்டு பேரையும் பார்த்தான், இரண்டையும் கேட்டான். சுருள் வீசி ஆடியது. கீழே நின்றிருந்த, கொக்கி மாட்டுகிற குட்டையன் — அவன் சாப்பாட்டுத் தூக்கு மூடிகூடத் திறக்காமல் இருந்தது. அதைக் கொண்டுபோய் அவன் வீட்டில் கொடுத்தவன் நான்தான்.

மறுநாள் மேஸ்திரி ஒரு சிவப்புக் கையுறையை என்னிடம் நீட்டினார். "இனிமே இது மாட்டினவன் ஒருத்தன்தான் காட்டணும். 'நிறுத்து' மட்டும் எவன் வேணா காட்டலாம்."

பிப்ரவரி 24

டாக்டரம்மாவிடம் கையுறைக் கதையைச் சொன்னேன். சிரித்தார்கள். "இங்க தலைகீழ் ஐயா. 'தூக்கு'ன்னு வரவங்க போறவங்க எல்லாரும் சொல்லுவாங்க. 'நிறுத்து'ன்னு சொல்லத்தான் ஆள் கிடையாது."

ஒரு பேர்தான், முடிவு செய்துவிட்டேன். வீட்டுக்கு வந்து மகளைக் கேட்டேன். "குழாய் வேணாம்னு நீ சொல்லணும். சொல்லுவியா?" ம் என்றாள். அதோடு முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோளெல்லாம் குலுங்குகிறது. இவளிடமா கையுறையைக் கொடுப்பேன்? என் பிள்ளையை நானே வதைப்பதா?

பிப்ரவரி 25

யாரும் இல்லை என்றால் எழுதி என்ன பயன்?

மார்ச் 1

மகன் டூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு வந்தான். தண்ணீர் கேட்டான். குடிக்கவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே,

"அன்னைக்குப் பெரியப்பா காட்டினது, மெதுவா இறக்கு. அதானே?"

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"ஸ்கூல் விட்டா நேரா துறைமுகக் கேட்டுதான். கம்பி வழியா உங்களத்தான் பாத்துட்டு நிப்பேன். மழையில நனைஞ்சு அம்மாகிட்ட அடி வாங்கினது எல்லாம் அதுக்குத்தான்."

எனக்குத் தெரியவே தெரியாது. அத்தனை வருஷம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்த நான், ஒரு தடவையாவது பின்னால் திரும்பிக் கேட்டைப் பார்த்திருக்கக் கூடாதா?

"அப்புறம் ஏன்டா அன்னைக்கு ஆஸ்பத்திரியில வாயத் திறக்கல?"

"தெரியும்னு சொன்னா, நாளைக்கு உங்களுக்குன்னு வரும்போது என்னைத்தான் சொல்லச் சொல்லுவீங்கன்னு தெரியும்."

அவன் தண்ணீரைக் குடித்தான்.

"எம்பேரப் போடுங்க."

மார்ச் 9

நோட்டரி அலுவலகம். டாக்டரம்மா எழுதித் தந்ததை நோட்டரி வரி வரியாகப் படித்துக் காட்டினார். தொண்டைக் குழாய் வேண்டாம். நெஞ்சை அழுத்தி எழுப்ப வேண்டாம். மூச்சுக்குக் காற்று அடிக்கும் முக மூடி வைத்து மூன்று நாள் பார்க்கலாம். வலிக்கு மருந்து வேண்டும். கையைக் கட்டக் கூடாது — இது நானாகச் சேர்த்தது.

கைநாட்டு வைத்தால் மையில் ரேகையே விழவில்லை. கம்பிக் கயிறு பிடித்துப் பிடித்து வழுவழுவென்று தேய்ந்த கட்டைவிரல். "பெரியவருக்கு ரேகையே இல்லையே, திருட்டுத் தொழிலுக்குப் போயிருக்கலாம்" என்றார் நோட்டரி. மகன் விழுந்து விழுந்து சிரித்தான். ஐந்தாவது தடவை ஓர் ஓரத்தில் மூன்று கோடு விழுந்தது. சாட்சி இரண்டு பேர் கையெழுத்து. கீழே மகன் கையெழுத்து.

நான் வாய் பேச முடியாமல் கிடக்கும்போது இந்தக் காகிதம் பேசுமாம். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு வரியும் படிக்கத் தெரியாது. ஆனால் அதில் இருப்பது நான்.

ஏப்ரல் 22

ஆஸ்பத்திரியிலிருந்து நேற்று வந்தேன். பேச மூச்சு வாங்குகிறது, நிறுத்தி நிறுத்தித்தான் சொல்கிறேன்.

போன வாரம் மூச்சு அடைத்துவிட்டது. அவசரப் பிரிவில் புது டாக்டர். குழாய் போடணும் என்று ஆளைக் கூப்பிட்டார். மகன் காகிதத்தை நீட்டினான். சொல்லியும்விட்டான். "குழாய் வேணாம் டாக்டர். மூடி வைங்க."

முக மூடியை இறுக்கிக் கட்டினார்கள். புயல் காற்றை மூஞ்சியில் அடித்த மாதிரி இருந்தது. திமிறினேன். பேச வாய் இல்லை. கொஞ்ச நேரத்தில் நெஞ்சுப் பாரம் லேசாக இறங்குவது தெரிந்தது. அதற்குள் நர்ஸ், "முடியலயா தாத்தா? எடுத்துடவா?" என்று மூடியின் வாரில் கை வைத்துவிட்டாள். நான் இரண்டு கையையும் கோத்து வயிற்றுக்கு முன்னால் பிடித்தேன்.

"ஐயோ, கும்பிடுறாரு பாவம். விட்டுடச் சொல்றாரு" என்றாள். டாக்டரும் மகனைப் பார்த்தார், காகிதம் கொடுத்தவன் ஆயிற்றே.

மகன் என் கையைப் பார்த்தான். கூண்டின் கையைப் பார்த்த அதே பார்வை.

"கும்பிடல. அப்படியே வைக்கச் சொல்றார். எதையும் தொடாதீங்க."

யாரும் தொடவில்லை. இரண்டு நாளில் மூச்சு சீரானது. மகள் கஞ்சி கொண்டுவந்து ஊட்டினாள், அவனைத் திட்டிக்கொண்டே. எதற்கு என்று அவளுக்கே தெரியாது.

இன்று சாய்வு நாற்காலியில் கிடந்தபடி, அந்தக் கைகளைப் படிக்கத் தெரிந்தவர்களை எண்ணிப் பார்த்தேன். குட்டையன் போனான். மேஸ்திரி போனார். கயிறு சுற்றுகிறவன், நெட்டையன், இரட்டையர் இரண்டு பேரும் போனார்கள். கூண்டும் போய்விட்டான். நான் ஒருத்தன்தான் மிச்சம் என்று போன மாதம் வரைக்கும் கணக்கு வைத்திருந்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றவனை எண்ணாமல் விட்டிருக்கிறேன். நானும் போன பிறகு மிச்சம் இருக்கப்போகிறவன், அந்த பஸ் ஓட்டுகிறவன், என் மகன்.