இருட்டில் வைத்த பாட்டில்

வடக்குத்து, நெய்வேலி

சாமியம்மாளுக்கு சாமிக்கண்ணு எழுதுவது. எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். அறுபத்தெட்டு வயதில் முதியோர் வகுப்பில் எழுத்துக் கற்று உன் பெயரை என் கையால் எழுதிவிட்டேன், பார்த்தாயா! முழங்கால் வலி தேவலையா? போன் செய்தால் நம் பிள்ளை இளவழகன், "அம்மா தூங்குது" என்று வைத்துவிடுகிறான். பகல் பதினோரு மணிக்கா தூங்குகிறாய்? அதனால்தான் கடிதம். பேத்தி செவ்வந்தியைப் படிக்கச் சொல்.

நான் பெருக்கும் ஆய்வுக்கூடத்தில் பச்சைப் பாசி வளர்க்கிறார்கள். ஆக்சிஜன் இல்லாமல் அது வளருமா என்று பார்க்க, இரண்டு பாட்டில்களில் காற்றை எடுத்துவிட்டு மூடினார்கள். ஒன்று விளக்கடியில், இன்னொன்று கறுப்புத் துணிக்குள். கிணறு தூர் வாரும்போது மூச்சு முட்டிச் செத்த என் தம்பி நினைவு வந்தது. துணிக்குள் இருந்ததைத் திறந்துவிட்டேன்.

"தொறக்காதீங்கன்னு எழுதியிருக்கே, படிக்கத் தெரியலன்னா கேக்கக் கூடாதா பெரியவரே?" என்றார் ஆராய்ச்சி செய்கிற அம்மா.

"படிச்சிட்டுத்தாம்மா தொறந்தேன். மூச்சு முட்டிக்கினு கெடக்குதேன்னு..."

எல்லோரும் சிரித்தார்கள். வேலை போகவில்லை, பயப்படாதே.

வெளிச்சத்தில் இருப்பது தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே உண்டாக்கிக்கொண்டு வளருமாம். இருட்டில் இருப்பது உடனே சாகாதாம். உள்ளே சேர்த்துவைத்ததைக் கரைத்துக்கொண்டு சும்மா கிடக்குமாம், வளராதாம். நீ பிள்ளை வீட்டிலும் நான் இங்கேயும் என்று பிரிந்த எட்டு வருடமாக நானும் அப்படித்தான் கிடக்கிறேன்.

என் பழைய போர்வையை அனுப்பு. அதோடு உன் பெயரை நீயே ஒரு தரம் எழுதி அனுப்பு. செவ்வந்தி உன் கையைப் பிடித்து எழுதவைப்பாள். இளவழகனுக்குத் தெரிய வேண்டாம்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. வருகிற வாரமும் எழுதுவேன். பதில் வராவிட்டாலும் எழுதுவேன்.