ரோஸ் பவளமும் ஒரு டம்ளர் நல்ல தண்ணியும்

என் தொட்டிக்கார மகராசா, தம்பி முரளி,

நல்லா இருக்கியா? நான் நல்லா இருக்கேன். இட்லிக் கடை ஓடுது. நீ போய் அஞ்சு மாசம் ஆச்சு. பவளம் வளர்க்கிற உன் கூட்டாளிங்க, வாட்ஸ்அப் குரூப்புல போடறோம், முரளிக்கு நாலு வரி எழுதுங்கக்கான்னாங்க. மூணாங்கிளாஸ் படிச்சவளை எழுதச் சொன்னா இப்படித்தான் இருக்கும். சிரிச்சுக்கோ.

உன் உப்புத்தண்ணித் தொட்டி இப்ப ராயப்பேட்டையில என் வீட்டு ஹால்ல இருக்கு. ரேவதிதான் எடுத்துக்கிட்டுப் போகச் சொன்னா. அதைப் பார்க்கப் பார்க்க உன் பெண்டாட்டிக்குச் சோறு இறங்கலை. வண்டியில ஏத்தும்போது ஒண்ணு சொன்னா: "அண்ணி, அதுவும் செத்துட்டா என்கிட்ட சொல்லாதீங்க."

தொட்டியில மொட்டைத்தலை மாதிரி இருக்கிற பவளம், பச்சைப் புல்லு மாதிரி இருக்கிற பவளம், எல்லாம் சௌக்கியம். அந்த ரோஸ் பவளம்தான். குட்டிக் குட்டி விரலைத் திறந்து மூடி, நான் கடையில ஆளைக் கூப்பிடுற மாதிரி வா வான்னு கூப்பிடுமே, அது மூணாவது வாரம் கையை மூடிக்கிச்சு. சுருங்கிப்போச்சு.

நீ எழுதி வெச்சது ஒரே வரி: தண்ணி குறைஞ்சா ஊத்தணும். எந்தத் தண்ணி, மகராசா? கடல் ஜீவனாச்சேன்னு தினம் ஒரு சொம்பு உப்புத்தண்ணி கலக்கி ஊத்தினேன். உப்பு பார்க்கிற உன் குழாயில கண்ணை வெச்சா எனக்குக் கோடுதான் தெரிஞ்சுது, நம்பர் புரியலை.

அப்புறம் என்ன, எனக்குத் தெரிஞ்ச வழி. விரலை விட்டு நாக்குல வெச்சேன். அப்பா! சாந்தோம் கடல் இதுகிட்ட பாயசம்.

கடைக்குப் போனா அடுப்புல சாம்பார் சுண்டிக் கிடந்துச்சு. பச்சைத்தண்ணி ஊத்தினேன். ஊத்தின கை அப்படியே நின்னுடுச்சு. தண்ணிதானே ஆவியாப் போகுது, உப்பு எங்க போகுது? இத்தனை வருஷமா தெரிஞ்ச விஷயம், உன் தொட்டிகிட்ட மட்டும் ஏன் மறந்துச்சு?

உன் கூட்டாளி சேகருக்குப் போன் போட்டேன். "இன்னாக்கா நீ, உப்புத்தண்ணியவா ஊத்திக்கினு இருந்தே? ஊறுகா போட்டுக்கினு கீறியா?" நாக்குல வெச்சதைச் சொன்னதும், சில பவளத்துல விஷம்கூட இருக்கும்னு கத்தினான். தினமும் கொஞ்சம் மொண்டு கொட்டிட்டு, அவ்வளவுக்குக் கேன் தண்ணி ஊத்தச் சொன்னான். ஒன்பது நாள் ஊத்தினேன். பத்தாம் நாள் காலையில ஒரு விரல் திறந்துச்சு. பாதி கரைஞ்சு போச்சு, மறைக்கலை. மிச்சம் இருக்கு.

ரேவதிகிட்ட, சாகலைன்னு மட்டும் சொன்னேன். போன ஞாயித்துக்கிழமை வந்தா. ரொம்ப நேரம் பார்த்துட்டு, "என்ன அண்ணி, இது வான்னு கூப்பிடுதா, போன்னு சொல்லுதா?"ன்னா.

"இட்லிக்காரி வீட்டுல இருக்கு, வான்னுதான் சொல்லும். உட்காரு."

ஆறு இட்லி சாப்பிட்டா. உனக்கு அது தெரியணும்னுதான் இந்தக் கடுதாசியே.

இனிமே ஞாயித்துக்கிழமை வந்து குழாயில நம்பர் பார்த்துச் சொல்றேன்னிருக்கா. தினம் ஒரு டம்ளர் நல்ல தண்ணி ஊத்துறது என் வேலை. இனி நாக்குல வெச்சுப் பார்க்க மாட்டேன். உன் மேல சத்தியம். உனக்கு இனிமே என்ன ஆயிடப் போகுது?

உன் வாயாடி அக்கா,
கஸ்தூரி