பங்காருபேட்டையில் நீ வாங்கிய சைட்

என் உயிர் மச்சான் சேவியருக்கு,

நீ சரியான புளுகன். அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்ற சேதி.

ஞாயிறு மத்தியானமானால் குளித்து, இஸ்திரிச் சட்டை போட்டு, "பங்காருபேட்டையில ஒரு சைட் பாக்கறேன்" என்று ரயில் ஏறுவாயே, நாங்கள் அத்தனை பேரும் நம்பினோம். கல்யாணமே வேண்டாம் என்ற அண்ணன் மனை வாங்கி வீடு கட்டப் போகிறான் என்று உன் தங்கை ஸ்டெல்லா நம் ஊர் பாலகாட் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். எனக்குத்தான் வயிற்றெரிச்சல். பேக்டரியில் ஷிப்ட் முடிந்ததும் நாம் சேர்ந்து போகிற ஒயின்ஷாப்புக்கு நீ வருவதே இல்லை. வீட்டுக்காரனாகப் போகிறவனுக்குத் தங்கச்சி புருஷன் இளப்பமாகிவிட்டான் என்று எட்டு மாதம் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்படியே நெஞ்சுவலி என்று ஒரே காலையில் போய்விட்டாய்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் பத்திரத்தைத் தேடினோம். பீரோ, டிரங்குப் பெட்டி, உன் பைபிள் உறை, எதையும் விடவில்லை. டைரிக்குள் ஒரு சீட்டுதான் கிடைத்தது. பங்காருபேட்டை, நூல் கடை மாடி, ஞாயிறு நாலு மணி. புரோக்கர் ஆபீஸ்தான் என்று முடிவுகட்டி ஸ்டெல்லா என்னை அனுப்பினாள்.

இன்னும் ஒருமுறை குடித்துவிட்டு வந்தால் பெங்களூரில் மகள் வீட்டோடு போய்விடுவேன் என்று அதற்கு முந்தின வாரமே சொல்லியிருந்தாள். பையில் துணிகூட எடுத்து வைத்துவிட்டாள். சும்மா மிரட்டுகிறவள் இல்லை, உனக்குத் தெரியும். அப்படியும் புரோக்கரிடம் பேசத் தைரியம் வேண்டுமே என்று ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு நைன்ட்டி பிராந்தி போட்டுக்கொண்டுதான் மாடி ஏறினேன்.

பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் நம்மூர் முகம். இவ்வளவு போட்டியா, நம் சைட் போயே போச்சு என்று எனக்கு அடித்துக்கொண்டது. ஒருவர் எழுந்து, தான் குடியைத் தொட்டு நூறு நாள் ஆகிறது என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நல்ல புரோக்கர், பேச்சைத் தொடங்குமுன் தன் யோக்கியதையைச் சொல்கிறார் என்று நானும் பலமாகத் தட்டினேன். பிறகு, புதிதாக வந்தவர் ஏதாவது பேசுகிறாரா என்று என்னைக் கேட்டார்கள். எழுந்து நின்றேன்.

"எங்க மச்சான் சேவியர் இங்க ஒரு சைட் பாத்துக்கினு இருந்தாரு. அது எத்தினி அடிங்க? கெழக்கு பாத்ததா?"

யாரும் சிரிக்கவில்லை. டீ ஊற்றிக்கொண்டிருந்த லாரி டிரைவர் (பெயரை வெளியே சொல்லக் கூடாது, அங்கே அதுதான் முறை) ஒரு கிளாஸை என் கையில் வைத்தார்.

"நீங்க அருள்தானே? குந்துங்க. இது உங்க டீ. 'இந்த வாரம் எங்க மாப்ள வருவாரு'ன்னு வாராவாரம் ஒண்ணு தனியா ஊத்தி வெப்பாரு உங்க மச்சான்."

"நான்தான் வரவே இல்லியே. அத்த இன்னா பண்ணுவாரு?"

"அவரே குடிச்சிடுவாரு."

அப்போதுதான் மாடியே சிரித்தது. நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதுவிட்டேன். என் பங்கையும் சேர்த்துக் குடிக்கும் பழக்கத்தை மட்டும் நீ விடவில்லை.

குடியை விடுகிறவர்கள் கூடுகிற இடத்துக்குப் போகிறேன் என்று ஏன் மச்சான் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை? கேலி பண்ணி உன்னையும் திரும்ப இழுத்துப் போய்விடுவேன் என்று பயந்தாயா? பயந்தது சரிதான். இழுத்திருப்பேன்.

வீட்டுக்கு வந்து, சைட் எதுவும் இல்லை என்று ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நைன்ட்டி உட்பட. கேட்டுக்கொண்டே இருந்தவள் ஒன்றுதான் கேட்டாள்.

"அப்பிடின்னா அண்ணன் குடிய விட்டுட்டுத்தான் செத்துச்சா?"

ஆமாம் என்றேன். முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். பையைப் பிரிக்கவில்லை. ஆனால் அன்றைக்குக் கிளம்பவும் இல்லை.

முதல் வாரம் கை நடுங்கி, டாக்டரிடம் ஓடி, படாத பாடு பட்டேன். அந்த டீக்குப் பிறகு ஒரு சொட்டு தொடவில்லை மச்சான். போன ஞாயிறோடு ஒரு வருஷம். எனக்குக் கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் பை காலியாகப் பரண்மேல் கிடக்கிறது, புடவையெல்லாம் பீரோவில். நம் வீட்டில் அன்றைக்குக் கோழி பிரியாணி. உன் தங்கை பாட்டுப் பாடிக்கொண்டே சமைத்தாள், அந்த ராகம் உனக்குத் தெரியும், காதைப் பொத்திக்கொள்.

இப்போது மாடியில் டீ போடுவது என் வேலை. நானும் ஒரு கிளாஸ் தனியாக ஊற்றுகிறேன், உனக்கில்லை. நம் ஷிப்ட் பாபு இருக்கிறானே, ஒயின்ஷாப்புக்கு வருவதில்லை என்று என்னோடு பேச்சை நிறுத்திவிட்டான். அருள் பங்காருபேட்டையில் சைட் வாங்குகிறான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான்.

உன்னைப் போல நான் அவனிடம் பொய் சொல்ல மாட்டேன். நாளைக்கு, திங்கட்கிழமை, ஷிப்டில் எல்லார் முன்னாலும் சொல்லி, வாடா என்று கூப்பிடப் போகிறேன். திட்டினால் அடுத்த திங்கட்கிழமையும் கூப்பிடுவேன். அவன் வரும்வரைக்கும் அந்த டீயை நானே குடிக்கிறேன், மச்சான்.

உன் தங்கையின் கையால் பிரியாணி சாப்பிட்ட,
உன் மாப்ள அருள்