உதட்டுப் பேச்சு

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

போனை எடுக்கலன்னு கோவிச்சுக்காத. தொண்டையில ஆபரேஷன். ஒரு மாசம் வாயிலேருந்து சத்தமே வரக்கூடாதாம், முணுமுணுப்புகூட. அப்புறமாவது பழைய குரல் வருமான்னா டாக்டர் கூரையப் பாக்குறாரு. எங்க பேண்டு டிரம்ஸ்காரன் தினம் வந்து உக்காந்துட்டுப் போறான். கிதார்காரன் வேற பாடகனைத் தேடுறதாக் கேள்வி.

வீட்டுக்கு வாடான்னு எழுதுவ. எப்படி வர்றது? அப்பாவைப் பத்தி எழுதின பாட்டை, அவரையே முன்வரிசையில உக்கார வெச்சுப் பாடினேன். கூட்டமே எழுந்து ஆடுச்சு. அவரு பாதியிலேயே எழுந்து போயிட்டாரு. இன்னிவரைக்கும் ஒரு வார்த்தை இல்ல. குரல் இருந்தப்பவே வேண்டாதவன், இப்ப ஊமையா வந்து நிக்கவா?

உன் வெடிவாய்

மார்ச் 11

என் செல்லத் தம்பிக்கு அக்கா எழுதிக்கிறது,

நாங்க நல்லா இருக்கோம். நம்ம மரமில்லுல பூனை மரத்தூள் குவியல்ல குட்டி போட்டுடுச்சு. எல்லாம் ஒரே மஞ்சள், எது குட்டி எது தூள்னு தெரியல. கணக்குப்பிள்ளை மிதிக்கப் பாத்தாரு, தாய்ப்பூனை அவரு வேட்டியக் கிழிச்சிடுச்சு. சரி, அத விடு, விஷயத்துக்கு வரேன்.

நேத்து டீவில உன் பழைய பாட்டு ஓடுச்சு. அப்பா டீவி பக்கத்துல போய் உக்காந்து உத்து உத்துப் பாத்தாரு. அப்புறம் சலிச்சுக்கிட்டு, "ஏம்மா, இவன் எதுக்கு அந்தத் தடிய வாயில அப்பிக்கிட்டே நிக்கிறான்? நாய் எலும்பக் கவ்வுன மாதிரி"ன்னாரு.

எனக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சுடா. ரம்பம் ஓடுற இடத்துல நாம உதட்ட அசைச்சுத்தானே பேசி வளந்தோம்? நீ ஒருத்தன்தான் ரம்பத்தோட போட்டி போட்டுக் கத்துவ. காது போனத அவரு ஒத்துக்கிட்டதே இல்ல, நம்ம உதட்டப் பாத்துத்தான் காலம் ஓட்டுறாரு. அன்னிக்கு மைக்கு உன் வாய மறைச்சிருக்கு!

"அதனாலயாப்பா எழுந்து வந்தீங்க?"ன்னேன்.

"ஊரே என்னத் திரும்பிப் பாத்துச் சிரிக்குது, கை தட்டுது. என்ன சொன்னான்னு எனக்கு மட்டும் தெரியல. கல்லு மாதிரி எவ்வளவு நேரம் உக்காந்திருப்பேன்?"

'மரத்தூள் வாசத்தோட எங்கப்பன் வந்தா வீடே காடாகும்'னு முதல் அடியச் சொல்ல வாயெடுத்தேன். சட்டுனு முகத்தத் திருப்பிக்கிட்டாரு. "நீ சொல்லாத. எழுதினவன் வாயால சொல்லட்டும்."

நீயும் கேக்கல, அவரும் சொல்லல. ரெண்டு பேரும் ஒரே மரத்துல அறுத்த பலகைதானே! தொண்டைய நனைச்சுக்கிட்டே இரு.

உன் அக்கா

மார்ச் 16

அக்கா,

உன் கடுதாசியப் படிச்ச கையோட ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர்கிட்ட ஒரு சீட்டு எழுதி நீட்டினேன்: 'சத்தம் வராம உதட்ட மட்டும் அசைக்கலாமா?' "அதுக்கு யாருப்பா தடை சொன்னது"ன்னு சிரிச்சாரு.

சனிக்கிழமை வரேன். நேரா மில்லுக்கே வந்துடுறேன், அவரு எதிர நின்னு முழுப் பாட்டையும் உதட்டாலயே பாடுறேன். நான் வந்ததும் அப்பா ரம்பத்த நிறுத்தப் போவாரு. நிறுத்த வேண்டாம்னு சொல்லு.

உன் தம்பி